கண் சாட்சியின் யோக்கியதை

நம்மோடு வாதம் செய்ய வருகிறவர்கள், புராணம், சாஸ்திரம், பெரியோர் வாக்கு என்கின்ற ஆதாரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போன பிறகு, கடைசியாகக் கையில் எடுக்கும் ஆயுதம் ஒன்று இருக்கின்றது. அதாவது, "நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அம்மன் கண்ணைத் திறந்து மூடியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்பதேயாகும். இப்படிச் சொல்லுகின்றவரை நாம் பொய்யர் என்று சொல்லுவதில்லை. அவர் பார்த்துத்தான் இருப்பார். அவரோடு கூட நின்ற நூறு பேரும் பார்த்திருப்பார்கள். ஆனால் பார்த்தது என்பது வேறு, நடந்தது என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் தலைக்குள் இருக்கும் மூளை என்ன வேலை செய்கின்றது என்பதைப் பற்றியே இன்று எழுதப் புகுகின்றோம்.

முதலில் கோவிலுக்கு வெளியிலிருந்தே ஆரம்பிப்போம். காங்கேயம் பக்கத்தில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டியிருக்கின்ற எந்த ஊருக்கு வேண்டுமானாலும் இராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஊர் முகப்பில் பனை உயரத்துக்குச் சாரம் கட்டி, சீரியல் விளக்குகளால் சாமி உருவம் போட்டிருப்பார்கள். அதில் மயில் தோகையை விரிக்கும், அருவி கொட்டும், சாமி தலைக்குப் பின்னால் சக்கரம் சுற்றும். உண்மையில் அந்தச் சாரத்தில் ஒரு பல்பாவது ஓர் அங்குலம் நகர்ந்ததுண்டா? இல்லை. ஒரு பல்பு அணைகின்றது, பக்கத்துப் பல்பு எரிகின்றது, அவ்வளவுதான். அணைந்ததற்கும் எரிந்ததற்கும் நடுவில் "ஓடிற்று" என்கின்ற சங்கதியை உண்டாக்கிச் சேர்த்துக் கொள்ளுவது பார்க்கின்றவருடைய மூளையே ஒழிய வேறில்லை.

இதை 1912-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் என்பவர் பரீட்சை செய்து எழுதி வைத்தார். இரண்டு கோடுகளை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டினார். நடுவில் விடும் நேரம் ஒரு வினாடியை ஆயிரம் பங்கு செய்ததில் சுமார் 30 பங்காக இருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்தன. 200 பங்காக இருந்தால் ஒன்று போய் மற்றொன்று வந்தது. இவற்றுக்கு நடுவில், சுமார் 60 பங்கில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்து போவதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சீரியல் செட் போடுகின்ற வயர்மேன் வெர்தைமர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் மயில் தோகை எந்த வேகத்தில் விரிந்தால் ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள் என்பது அவர் கைக்குத் தெரியும்.

சினிமாவும் இதே வியாபாரம்தான். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் வருஷத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டி, 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிலையான கொட்டகையே கட்டினார். அவர் காட்டியது வரிசையாக ஓட்டிய அசையாத படங்களே. பேசும் படம் வந்த பின் வினாடிக்கு 24 படம் என்று கணக்கு ஏற்பட்டது. பிலிம் ஓடிய காலத்தில் ஒரு படம் போய் அடுத்த படம் வருவதற்குள் ஒரு மூடி வந்து வெளிச்சத்தை மறைக்கும். அதாவது, காசு கொடுத்து உள்ளே போனவர் காட்சி நேரத்தில் கணிசமான பங்கு இருட்டையே பார்த்துவிட்டு, "என்ன சண்டை! என்ன ஓட்டம்!" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். கண்ணில் பதிந்த படம் சற்று நேரம் அழியாமல் நிற்பதால்தான் இப்படித் தோன்றுகின்றது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அது மாத்திரம் காரணமாயிருந்தால் படத்தின் மேல் படம் படிந்து ஒரே கலக்கமாகத் தெரியுமேயல்லாது, ஆள் ஓடுவதாகத் தெரியாது. ஓட்டத்தை உண்டாக்குவது மூளையின் தனி வேலை.

இது தனி வேலை என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால், ஜெர்மனியில் முனிச் நகரத்து வைத்தியர்கள் 1983-இல் எழுதியதைச் சொல்லலாம். ஒரு அம்மாளுக்கு மூளையின் பின்புறத்தில் இரண்டு பக்கமும் ஓரிடம் கெட்டுப் போயிற்று. அவருக்கு நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, முகம் தெரிந்தது. நகர்வது மாத்திரம் தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றினால், விழும் தேநீர் உறைந்த பனிக்கட்டி போல நின்றது. தெருவில் தூரத்தில் இருந்த வண்டி திடீரென்று பக்கத்தில் இருந்தது; நடுவில் வந்த வழி அவருக்கு இல்லை. ஆகவே ஓட்டம் என்பது வெளியில் இருந்து அப்படியே கண்ணுக்குள் வந்து விழுகின்ற சரக்கு அன்று என்பதும், மூளையில் அதற்கென்று ஒரு பட்டறை இருக்கின்றதென்பதும் விளங்கும். பட்டறை என்று ஒன்று இருந்தால் அதில் தப்புச் சரக்கும் தயாராகத்தானே செய்யும்?

நிற்க. நம் வட்டாரத்தில் சினிமா பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு வேடிக்கையை எடுத்துக் கொள்ளுவோம். படத்தில் மாட்டுவண்டி முன்னால் ஓடும். சக்கரம் பின்னால் சுற்றும். ஏன்? நான்கடி விட்டமுள்ள சக்கரத்துக்கு 12 ஆரக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். காங்கேயம் காளைகள் பூட்டிய ரேக்ளா வண்டி வினாடிக்குச் சுமார் 25 அடி, அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தச் சக்கரம் வினாடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றும். வினாடிக்கு 24 படம் எடுக்கும்போது, ஒவ்வொரு படத்திலும் ஓர் ஆரக்கால் நின்ற இடத்தில் அடுத்த ஆரக்கால் வந்து நிற்கின்றது. ஆரக்கால்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் சக்கரம் நின்றுவிட்டதாகவே மூளை எழுதிக் கொள்ளுகின்றது. வேகம் சற்றுக் குறைந்தால் ஆரக்கால் அந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி நிற்கும். மூளை அதைப் பின்னோக்கிச் சுற்றுவதாக எழுதிக் கொள்ளும். காளைக்கும் தெரியாது, வண்டி ஓட்டுகின்றவருக்கும் தெரியாது. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்கு மாத்திரம் இந்த அதிசயம்.

சினிமாவோடு போய்விட்டால் இதைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டியதில்லை. இதே மோசம் எண்ணெய் மில்லிலும், அரிசி மில்லிலும், தறிப் பட்டறையிலும், நூல் மில்லிலும் நடக்கின்றது. அங்கே போவது டிக்கட் காசல்ல, விரல்.

நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை திசை மாறி மாறி ஓடுகின்றது. பழைய சோக் வைத்த ட்யூப்லைட் இதனால் வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றது. அடியோடு அணைவதில்லை, ஆனாலும் ஏற்ற இறக்கம் உண்டு. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. சுற்றுகின்ற சக்கரத்துக்குத் தெரியும். மில்லில் சாதாரணமாக இருக்கும் மோட்டாரின் வேகம் நிமிஷத்துக்கு 1,440 சுற்று, அதாவது வினாடிக்கு 24 சுற்று. அதன் தண்டில் நாலு ஆரக்கால் உள்ள புல்லி ஒன்று மாட்டியிருந்தால், விளக்கின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் அது 86.4 பாகை சுற்றுகின்றது. ஆரக்காலுக்கு ஆரக்கால் 90 பாகை. ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் 3.6 பாகை குறைகின்றது. வினாடிக்கு 100 துடிப்பு, 100-ஐ 3.6-ஆல் பெருக்கினால் 360. அதாவது, வினாடிக்கு 24 சுற்று முன்னோக்கிப் பறக்கின்ற இரும்பு, வினாடிக்கு ஒரே ஒரு சுற்றுப் பின்னோக்கி நிதானமாக அசைவதாகத் தெரியும். கோவில் யானை காதை ஆட்டுவது போல! மோட்டார் வினாடிக்குச் சரியாக 25 சுற்றுச் சுற்றினாலோ புல்லி நின்றே போனதாகத் தெரியும்.

சத்தம் கேட்காதா என்று கேட்கலாம். இருபது யந்திரம் ஒரே கூரைக்கடியில் ஓடும்போது எது ஓடுகின்றது, எது நின்றது என்று காதால் பிரிக்க முடியுமா? பஞ்சைத் தட்டுவதற்கோ, பெல்ட்டைத் தள்ளுவதற்கோ, "நின்றுவிட்டது" என்று நினைத்துக் கை நீட்டுகின்ற தொழிலாளியை அஜாக்கிரதைக்காரன் என்று சொல்லிவிடுவது சுலபம். அவனும் "கண்ணால் பார்த்துத்தான்" கை நீட்டினான். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தன்னுடைய 21-வது பிரிவில் ஓடும் பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று எழுதியது தொழிலாளியின் கண்ணை நம்பியல்ல, நம்பக்கூடாது என்பதாலேயே. பிற்பாடு சட்டத்தின் பெயரும் பிரிவின் எண்ணும் மாறினாலும் இரும்பின் குணம் மாறவில்லை.

பரிகாரத்துக்கு யாகம் வேண்டியதில்லை. மில்லுக்கு வருகின்ற மூன்று பேஸ் மின்சாரத்தில், பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வேறு வேறு பேஸில் கொடுத்துவிட்டால், ஒன்று மங்கும்போது மற்றொன்று பிரகாசிக்கும். மோசம் பெரும்பாலும் ஒழியும். பழைய சோக்கை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் சோக் போட்டால் துடிப்பு வினாடிக்குப் பல்லாயிரம் ஆகிவிடும். புல்லி அதை ஏமாற்ற முடியாது. எல்.இ.டி. விளக்கு வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடவும் கூடாது. மலிவு எல்.இ.டி.களில் பல, பழைய ட்யூப்லைட்டை விட மோசமாகத் துடிக்கின்றன. சந்தேகம் இருப்பவர்கள் ஒரு பென்சிலை விளக்கின் கீழ் விசிறி போல வேகமாக ஆட்டிப் பார்க்கட்டும். ஒரே மங்கலாகத் தெரிந்தால் விளக்கு யோக்கியமானது. தனித்தனியாகப் பத்துப் பென்சில் தெரிந்தால் அந்த விளக்கை யந்திரத்துக்கு மேலே தொங்கவிடக் கூடாது. இந்தப் பரீட்சைக்கு எஞ்சினீயர் வேண்டியதில்லை, தட்சணையும் வேண்டியதில்லை.

இந்த மோசத்தையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. நூல் மில் மெக்கானிக்குகள் ஸ்ட்ரோபோஸ்கோப் என்கின்ற மின்னு விளக்கை வைத்து, கதிர் நின்றது போலத் தெரிகின்ற வரையில் மின்னுவதைக் கூட்டிக் குறைத்து, கதிரின் வேகத்தை அளந்துவிடுகின்றார்கள். மோசத்தின் கணக்குத் தெரிந்தவனுக்கு அது அளவுகோல். தெரியாதவனுக்கு அது அதிசயம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணி செக்கிங் மேசையில் நிற்கும் பெண்களுக்கும் இதன் தம்பி ஒன்று தெரியும். வெளிச்சத்தின் மேல் துணி கீழ்நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, கறை, நூல் அறுந்த இடம் என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். திடீரென்று யந்திரத்தை நிறுத்தினால், நின்ற துணி மேல்நோக்கி ஏறுவது போல் இருக்கும். இது பேயுமல்ல, பித்துமல்ல. கீழ்நோக்கி ஓடுவதை அறிவிக்கும் நரம்புகள் வேலை செய்து சோர்ந்து போயிருக்கும்போது, எதிர்ப்பக்கத்தை அறிவிக்கும் நரம்புகளின் கை ஓங்கிவிடுகின்றது. 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தபோது பாறை மேலே ஏறுவதாகக் கண்டு அதை எழுதினார். அதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அரிஸ்டாட்டில் ஆற்றைப் பார்த்து இதைப் போல எழுதியிருக்கின்றார். நம் நாட்டில் அருவிக்கும் ஆற்றுக்கும் பஞ்சமில்லை. ஆற்றங்கரை தோறும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. பாறை ஏன் ஏறுகின்றது என்று கேட்கத்தான் பஞ்சமாய்ப் போயிற்று.

இப்பொழுது கருவறைக்குள் போவோம். அதாவது, விடுகின்ற கோவிலாயிருந்தால்.

உள்ளே இருட்டு. ஒற்றை எண்ணெய் விளக்கு. கருங்கல் முகத்தில் வெள்ளிக் கண்மலர் பதித்திருக்கின்றது. விளக்கின் சுடர் காற்றில் ஆடுகின்றது. சுடர் ஆடினால் வெள்ளியில் விழுந்த மின்னலும் ஆடும், இமைக்குக் கீழ் விழுந்த நிழலும் ஆடும். கற்பூரம் காட்டும்போதோ வெளிச்சமே வட்டமிடுகின்றது. கண் திறந்து மூடுவதற்கு இதுவே போதும். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. இருட்டில் ஒரே ஒரு சிறு வெளிச்சத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது அசையாமல் இருந்தாலும் சிறிது நேரத்தில் அலையத் தொடங்கும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கக் கதவோ சுவரோ தெரியாததால், கண்ணின் சொந்தச் சிற்றசைவையும் சோர்வையும் வெளிச்சத்தின் அசைவாக மூளை எழுதிக் கொள்ளுகின்றது என்று விஞ்ஞானிகள் சொல்லுகின்றார்கள். இராத்திரியில் இருட்டான களத்து மேட்டில் நின்று சிவன்மலைப் பக்கம் ஒற்றை விளக்கைப் பார்ப்பவர் யாரும் இதைச் சோதித்துக் கொள்ளலாம். இரண்டாவது உலக யுத்தத்தில் இராத்திரியில் பறந்த விமானிகளுக்கு, முன்னால் போகும் விமானத்தின் விளக்கு இப்படி அலைவதாகத் தெரிந்து ஆபத்தாயிற்று. அதனால் ஒரே விளக்கை உற்றுப் பார்க்காதே என்று அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கின்றார்கள். நம் ஜனங்களுக்குக் கிடைத்த பாடம் கன்னத்தில் போட்டுக்கொள் என்பதுதான்.

"ஒருவருக்குத் தோன்றலாம், நூறு பேருக்கு ஒரே மாதிரி தோன்றுமா?" என்பதே அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. இதற்கு 1935-இல் முசாபர் ஷெரிப் என்கின்ற துருக்கிக்காரர் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பரீட்சை செய்து பதில் சொல்லியிருக்கின்றார். இருட்டறையில் அசையாத ஒரு வெளிச்சப் புள்ளியைக் காட்டி, "எவ்வளவு தூரம் நகர்ந்தது?" என்று கேட்டார். தனித்தனியாகக் கேட்டபோது ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கூட்டமாக உட்கார வைத்து, ஒருவர் சொல்லுவது மற்றவர் காதில் விழும்படி கேட்டபோது, கணக்குகள் ஒன்றை ஒன்று நெருங்கி ஏறக்குறைய ஒரே அளவாகிவிட்டன. பிற்பாடு தனியாகக் கேட்டாலும் கூட்டத்தின் கணக்கையே சொன்னார்கள். புள்ளி நகரவே இல்லை என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அம்மன் சன்னதியில் முதலாவதாகக் கூச்சல் போட்டவர் இருக்கின்றாரே, அவர்தான் மற்றத் தொண்ணூற்றொன்பது பேருடைய கண்ணும்.

இந்த வியாதி நம் மதத்துக்கு மாத்திரம் சொந்தம் என்று பிற மதத்துத் தோழர்கள் சந்தோஷப்பட வேண்டாம். 1985-ஆம் வருஷம் அயர்லாந்தில் கார்க் பக்கத்திலுள்ள பாலின்ஸ்பிட்டில் என்னும் ஊரில், மேரியம்மை சிலை அசைகின்றது என்று ஆயிரக்கணக்கானவர் மாலைதோறும் கூடினார்கள். மங்கல் வெளிச்சத்தில், தலையைச் சுற்றி விளக்கு எரிகின்ற சிலையை உற்றுப் பார்ப்பதால் ஏற்படும் தோற்றம் என்று அவ்வூர்ச் சர்வகலாசாலையார் விளக்கினார்கள். 2008-இல் கேரளத்துக் கோட்டயம் ஜில்லாவில் சூரியனில் மாதா தெரிகின்றாள் என்று வானத்தை உற்றுப் பார்த்து, 40-க்கு மேற்பட்டவர்கள் விழித்திரை வெந்து கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சூரியனை ஒரு நிமிஷம் பார்த்தால் அதன் சாயல் கண்ணில் தங்கிவிடும். கண் அசைய அசையச் சாயலும் கூத்தாடும். கூத்து நின்ற பிறகும் புண் நிற்கும். இதில் உண்டியலுக்கு என்ன வந்தது என்பதை விட, அந்த ஏழைகளின் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதே நமக்குப் பெரிதாகப் படுகின்றது.

படித்தவர்கள் யோக்கியதையும் இதை விட அதிகம் உயர்ந்துவிடவில்லை. ஜப்பானில் கியோட்டோவில் ரிட்சுமேகான் சர்வகலாசாலையைச் சேர்ந்த அகியோஷி கிடாவோகா 2003-இல் சுருண்ட பாம்புகள் போன்ற ஒரு சித்திரம் போட்டார். காகிதத்தில் அசையாமல் இருக்கும் அந்த வட்டங்கள், நேராகப் பார்க்காத மூலையில் எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். எதை நேராகப் பார்க்கின்றோமோ அது மாத்திரம் நின்றுவிடும். கறுப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று வெளிச்சப் படி மாறும் வரிசையில்தான் தந்திரம் இருக்கின்றது. இம்மாதிரித் தந்திரத்தைக் கைக்கொண்டு யூரி பெரெபாடியா என்கின்ற உக்ரேன் சித்திரக்காரர் 2016-இல் போட்ட படம் ஒன்றை, "இது ஜப்பானிய டாக்டர் தயாரித்தது, படம் வேகமாக அசைந்தால் உங்களுக்கு மனக்கவலை அதிகம்" என்று கட்டிவிட்டு, போன் வழியாக உலகமெல்லாம் அனுப்பினார்கள். அப்படி ஒரு டாக்டரும் இல்லை, பரீட்சையும் இல்லை, படம் தன்னுடையது என்று அச்சித்திரக்காரரே சொல்ல வேண்டியதாயிற்று. அம்மன் கண் திறந்ததைக் கேலி செய்த பட்டதாரிகளே இந்தப் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கின்றார்கள். பூசாரிக்குப் பதில் டாக்டர், இவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, ஒரு சிலர் வேறு ஒரு வழியில் வருவார்கள். "பார்த்தீர்களா! கண் பொய் சொல்லுகின்றது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அதைத்தானே எங்கள் பெரியவர்கள் உலகமெல்லாம் மாயை என்று அன்றே சொன்னார்கள்!" என்பார்கள். அன்பர்களே, அவசரப்படாதீர்கள். புல்லி பின்னோக்கிச் சுற்றுவது மாயை, புல்லி மாயையன்று. வேண்டுமானால் கையை வைத்துப் பார்க்கலாம். கண் செய்த தப்பை 3.6 பாகை என்று கணக்குப் போட்டுப் பிடித்தது எதனால்? அளந்து பார்த்ததனால், வேறு விளக்கில் பார்த்ததனால், வேறு ஆளைத் தனியாகக் கேட்டதனால். எல்லாமே மாயையாயிருந்தால் எது தப்பு என்று சொல்லவே வழியிருந்திருக்காது. "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பாட்டிமார் சொல்லி வந்ததில், மாயைக்காரர் முதல் பாதியை மாத்திரம் எடுத்துக் கொள்ளுகின்றார்கள். பக்தர்கள் ஒரு பாதியையும் எடுத்துக் கொள்ளுவதில்லை.

ஆகவே, இனி எந்த ஊரிலாவது சாமி கண் திறந்தது என்று சேதி வந்தால், அவ்வூர்த் தோழர்கள் சண்டைக்குப் போகாமல் பின்வருமாறு செய்யும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம். சன்னதியில் துடிக்காத வெளிச்சமுள்ள இரண்டு விளக்குகளைப் போடச் சொல்லுங்கள். சிலையின் கண்ணுக்கு ஒரு விரற்கடை முன்னால் ஒரு வெள்ளை நூலைக் குறுக்கே கட்டச் சொல்லுங்கள். அசைந்ததா இல்லையா என்பதற்கு அது அடையாளம். நூலுக்கு நம் ஜில்லாவில் பஞ்சமில்லை. பார்க்க வருகின்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டு, வெளியே வந்ததும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்னால், எந்தக் கண் அசைந்தது, எந்தப் பக்கம், எத்தனை தடவை என்று தனித்தனிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். நூறு சீட்டும் ஒரே பதிலைச் சொல்லுகின்றனவா என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எண்ணிப் பாருங்கள். அந்தச் சீட்டுகளை, நமக்கு விரோதமாக இருந்தாலும் ஒன்று விடாமல், இப்பத்திரிகையில் பிரசுரிக்கத் தயாராயிருக்கின்றோம்.